சாச்சியின் குரலுக்கு மேலே பேசாதீர்கள்

ஒவ்வொரு டிசம்பர் 26 ஆம் திகதியும் எங்கள் ஜனாஸாக்களை மறுபடி திரையில் போடுகிறீர்கள். கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று ஊர் பிரித்துச் சொல்லக்கூட உங்களுக்கு நேரமில்லை. ‘இலங்கையின் கிழக்குக் கரை’ என்று ஒரு வரி, அதன்மேல் இழுத்துவிட்ட சோக இசை, அதற்கும் மேலே ஒரு செய்தியாளரின் குரல். அரை நிமிஷத்தில் எங்களை முடித்துவிடுகிறீர்கள். 2004 சுனாமியில் இந்த நாட்டில் கடல் கொண்டுபோன சுமார் 35,000 உயிர்களில் 10,000க்கு மேற்பட்டவை அம்பாறை மாவட்டத்து உயிர்கள். வேறெந்த மாவட்டமும் இத்தனை பேரைப் பறிகொடுக்கவில்லை. முஸ்லிமும் தமிழருமாகப் போன அத்தனை பேருக்கும் பெயர் இருந்தது, குடி இருந்தது, பள்ளிவாசலோ கோயிலோ இருந்தது. உங்கள் படத்தில் ஒருவருக்கும் பெயர் இல்லை.

நான் அக்கரைப்பற்றில் பிறந்து வளர்ந்தவள். ஆவணப்படம் எடுப்பது என் தொழில். வயிறு எரிந்துதான் இதை எழுதுகிறேன்.

வெளிநாட்டுச் செய்தி நிறுவனமொன்றின் காப்பகத்தில் என் சாச்சி இருக்கிறா. நனைந்த முக்காட்டோடு இடிந்த மதிலைப் பிடித்துக்கொண்டு கடலைப் பார்த்து நிற்கிறா. படத்துக்குக் கீழே ‘அடையாளம் தெரியாத பெண் அழுகிறார்’ என்று எழுதியிருக்கிறார்கள். சாச்சி அழவில்லை. தன் மூன்று பிள்ளைகளையும் மூத்தவன் தொடங்கிக் கடைக்குட்டி வரை பெயர் சொல்லிக் கூப்பிடுகிறா. முதல் பெயர் பாதி கேட்கிறது. அதற்குள் செய்தியாளர் இங்கிலீஷில் பேசத் தொடங்குகிறார். மற்ற இரண்டு பெயர்களும் அவர் குரலுக்குக் கீழே புதைந்து போகின்றன. அதை சாச்சிக்குப் போட்டுக் காட்டியபோது அவ கேட்டது ஒன்றுதான்: “நான் புள்ளையளக் கூப்புடுற சத்தத்துக்கு மேலால ஆரு மனே பேசுற?”

அந்தச் செய்தியாளரின் குரல் இல்லாத மூலப்பதிவைத் தாருங்கள் என்று எழுதிக் கேட்டேன். நொடிக் கணக்கில் டொலரில் விலை சொன்னார்கள். குறைந்தது இத்தனை நொடி வாங்கியே ஆகவேண்டும் என்றார்கள். என்ன நோக்கத்துக்காகப் பயன்படுத்துகிறேன் என்று விளக்கி ஒப்புதல் பெறவேண்டும் என்றார்கள். சாச்சியை எடுத்த நேரத்தில் அவவிடம் எந்த ஒப்புதலையும் எவரும் கேட்கவில்லை. பிள்ளைகளின் படம் ஒன்றுகூட எங்களிடம் மிச்சமில்லை, அல்பங்களையும் கடல்தான் கொண்டுபோனது. சாச்சியின் பின்னால் தெரியும் அந்த மதில் அவவின் சீதன வீட்டு மதில். அந்த வீடு இருந்ததற்கு உலகத்தில் மிச்சமிருக்கும் ஒரே சாட்சி அந்தப் பதிவு. அதைக் கையில் வாங்க நாங்கள் காசு கட்டவேண்டுமாம்.

சட்டம் அவர்கள் பக்கம் என்று எனக்குத் தெரியும். எங்கள் நாட்டின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தைப் புரட்டினாலும், அவர்களுடைய நாட்டுச் சட்டங்களைப் புரட்டினாலும், படைத்தவருக்கும் காசு போட்டவருக்கும் உரிமை எழுதியிருக்கிறது. படத்தில் நிற்கிறவளுக்கு அதில் பங்கில்லை.

இது இன்று நேற்றுத் தொடங்கிய அநியாயம் இல்லை. 1934 இல் பசில் ரைட் இயக்கி, ஜோன் கிரியர்சன் தயாரித்த ‘சோங் ஒஃப் சிலோன்’ படத்தைத் திரைப்படம் படிக்கிற பிள்ளைகள் எல்லாரும் பார்த்திருப்பார்கள். உலக ஆவணப்படத்தின் பெருமைகளில் ஒன்றாக அதைச் சொல்லித் தருகிறார்கள். காசு போட்டது இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை. அந்தப் படத்தில் இந்தத் தீவின் மக்கள் ஏறுகிறார்கள், இறங்குகிறார்கள், வணங்குகிறார்கள், விதைக்கிறார்கள், சுமக்கிறார்கள். கதை சொல்கிற வாய் மட்டும் அவர்களுடையது இல்லை. சொல்லப்படும் வசனம் றொபர்ட் நொக்ஸ் 1681 இல் லண்டனில் அச்சிட்ட புத்தகத்திலிருந்து எடுத்தது. 1660 இல் எங்கள் கிழக்குக் கரையின் கொட்டியாரத்தில் பிடிபட்டு, கண்டி அரசனின் கைதியாக ஏறத்தாழ இருபது வருஷம் இருந்த ஆங்கிலேயர் அவர். படத்தில் அதை வாசித்தவர் கொழும்பின் லயனல் வென்ட். உழைக்கிற மக்களின் உருவங்களுக்கு மேலே சந்தை விலையும் கப்பல் செய்தியும் ஒலிக்கின்றன. எங்கள் வட்டைகளுக்கோ வாடிகளுக்கோ, கிழக்கு முஸ்லிமின் வாழ்க்கைக்கோ அந்தத் தீவில் இடமில்லை.

மலையகத்தின் கொழுந்துக்காரிகளை நினைத்தால் எனக்கு இன்னும் கொதிக்கிறது. தேயிலை விற்க அவர்களின் முகம் தேவைப்பட்டது. அந்தப் படம் வந்து பதினான்கு வருஷத்தில், 1948 ஆம் ஆண்டு 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் அந்த மக்களை நாடற்றவர்களாக்கினார்கள். படம் லண்டன் காப்பகத்தில் பக்குவமாக இருந்தது. படத்தில் இருந்தவர்களுக்குச் சொந்த நாடு என்று சொல்ல ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

அதற்கும் முன்னே போனால் ஆதிவாசிகளின் கதை இருக்கிறது. 1898 இல் ஏ.சி. ஹடன் தலைமையில் கேம்பிரிஜ் ஆய்வாளர் குழு ஒன்று அவுஸ்திரேலியாவுக்கு வடக்கே டொரஸ் நீரிணைத் தீவுகளுக்குப் போனது. படக் கருவி கொண்டுபோய் மேர் தீவு மக்களின் ஆட்டத்தை ஒருசில நிமிஷப் படமாக எடுத்தார்கள். களத்துக்கே போய் எடுத்த மானிடவியல் படங்களில் அதுதான் ஆக முந்தியவற்றில் ஒன்று. அந்தக் குழுவில் இருந்த சி.ஜி. செலிக்மன்தான் 1907 - 08 இல் மனைவி பிரெண்டாவோடு இலங்கைக்கு வந்து வேடர்களைத் தேடித் திரிந்தார். பாட்டுகளை மெழுகு உருளையில் பதிந்தார். அதே குழுவின் இன்னொருவரான சி.எஸ். மையர்ஸ் அவற்றைக் கேட்டு, 1911 இல் வெளிவந்த ‘த வெத்தாஸ்’ புத்தகத்துக்கு இசை அத்தியாயம் எழுதினார். எங்கள் கரையின் தமிழ் பேசும் வேடர்களும் அந்தப் புத்தகத்தில் வருகிறார்கள், கலந்துபோனவர்கள் என்ற கணக்கில். வாகரையிலும் மூதூர்ப் பக்கத்திலும் இன்றும் வாழ்கிற அந்த மக்களின் பிள்ளைகளிடம் போய், உங்கள் மூத்தாட்களின் இனத்தார் பாடியது இது, கேட்டுச் சொல்லுங்கள் என்று யார் அந்தச் சத்தத்தைப் போட்டுக் காட்டினார்கள்? நூறு வருஷத்துக்கு மேல் போய்விட்டது. ஆராய்ச்சி நடந்தது, பட்டம் வாங்கினார்கள், புத்தகம் பல பதிப்புக் கண்டது. பாடியவனின் பேரப்பிள்ளைக்கு அந்தப் பாட்டு வந்து சேரவில்லை.

1948 இல் நாடு சுதந்திரமானதும் அரசாங்கத் திரைப்படப் பிரிவைத் தொடங்கினார்கள். வெள்ளைக்காரனின் குரல் போய் எங்கள் குரல் வரும் என்று நம்பினோம், வந்தது அரசாங்கத்தின் குரல். 1949 இல் பட்டிப்பளை ஆற்றுக்குக் குறுக்கே இங்கினியாகலையில் அணை கட்டத் தொடங்கினார்கள். அமெரிக்காவின் மொரிசன் நட்சன் கொம்பனி வேலை செய்தது. சேனாநாயக்க சமுத்திரம் எழும்பியது, வேடர்களின் வேட்டை நிலங்கள் அதற்குள்ளே போயின. குடியேற்றம் வந்தது, 1956 இல் கல்லோயாவில் இரத்தம் ஓடியது, 1961 இல் மட்டக்களப்பிலிருந்து பிரித்து அம்பாறை மாவட்டத்தை உண்டாக்கினார்கள். அந்தக் காலத்துப் பிரசாரப் படங்களில் வறண்ட நாடு என்றால் வென்று எடுக்கவேண்டிய வெற்றுக் காடு. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் என்ற பெரும் கலைஞர்கூட அந்தப் பிரிவில் இருந்தபோது, 1954 இல் மலேரியா ஒழிப்பைப் பற்றி எடுத்த படத்துக்கு உலர்வலயத்தை வெற்றிகொள்வது என்றே தலைப்பு வைக்கவேண்டியிருந்தது. எங்கள் மூத்தாப்பாமார் அந்த ஆற்றுத் தண்ணியில் தலைமுறை தலைமுறையாக வெள்ளாமை செய்தவர்கள். வட்டவிதானையும் போடியாரும் வாய்க்கால் முறையும் அணைக்கு முன்னமே இங்கே இருந்தன. வெற்றுக் காடு என்று நீங்கள் காட்டிய இடத்தில் நாங்கள் இருந்தோம்.

எடுக்காமல் விட்டது ஒரு வதை. எடுத்ததைக் கொண்டு செய்தது அதைவிடப் பெரிய வதை. 1990 ஆகஸ்ட் 3 ஆம் திகதி இரவு காத்தான்குடியில் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டவர்களைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். அந்த சப்புகளில் கிடந்த ஜனாஸாக்களின் படங்களை அரசு தன் யுத்தத்துக்கு நியாயமாக உலகம் முழுக்கக் கொண்டுபோனது. கொன்றவர்கள் பொறுப்பேற்க மறுத்தார்கள். இரு பக்கமும் அந்தப் படத்தைப் பற்றிப் பேசின, தகப்பனையும் பிள்ளையையும் அங்கே பறிகொடுத்த உம்மாவிடம் இதைக் காட்டலாமா என்று இரு பக்கமும் கேட்கவில்லை. பேச்சுவார்த்தை மேசை வந்தபோது, 2002 போர்நிறுத்த உடன்படிக்கையிலும் 2005 ஜூன் மாதச் சுனாமிப் பொதுக்கட்டமைப்பிலும் முஸ்லிம்கள் கையொப்பமிடும் தரப்பாக இருக்கவில்லை. காட்டுவதற்கு எங்கள் சடலம் வேண்டும், கதைப்பதற்கு எங்கள் ஆள் வேண்டாம்.

2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகு அதே கமராக்கள் மறுபடி வந்தன. ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில் ஒரு வீட்டுக்குள் குண்டுகள் வெடித்தன, சின்னப் பிள்ளைகளும் அதில் செத்துப்போனார்கள். அதன்பிறகு பல மாதங்களாக, பயங்கரவாதம் என்று எவர் வாய் திறந்தாலும் பின்னால் எங்கள் தெருக்கள் ஓடின. கல்முனைச் சந்தையில் மரக்கறி வாங்குகிற ராத்தா, மத்ரஸா விட்டு வருகிற பிள்ளைகள், ஜும்ஆ முடிந்து செருப்புத் தேடுகிற வாப்பாமார். அவர்களின் முகத்துக்கு மேலே ஒரு குரல் கொலையைப் பற்றிப் பேசியது. அந்த ராத்தா என்ன குற்றம் செய்தா? கத்தரிக்காய் வாங்கினா.

இப்படியெல்லாம் கிடந்து வெந்தவர்கள் நாங்கள் மட்டுமில்லை. ஆனால் மற்றவர்கள் எழும்பிவிட்டார்கள், அதைப் பார்க்கத்தான் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

1922 இல் றொபர்ட் ஃப்ளாஹர்ட்டி கனடாவின் வடக்கே இன்யூட் மக்களை வைத்து ‘நனூக்’ படத்தை எடுத்தார். நனூக்காக நடித்தவரின் உண்மைப் பெயர் அல்லாகரியல்லாக். துவக்குப் பாவித்து வேட்டையாடிய மனிதரை ஈட்டியோடு நிறுத்தினார்கள், இசைத்தட்டு என்றால் என்னவென்று தெரியாதவர்போல அதைக் கடிக்க வைத்தார்கள். தொண்ணூறு வருஷம் கழித்து, 2012 இல், இன்யூட் பாடகி தான்யா தகாக் டொரொன்டோ திரைப்பட விழாவில் அந்தப் படத்தை ஓடவிட்டு அதன்மேல் தன் இனத்தின் தொண்டைப் பாட்டைப் பாடினார். ஊமையாக இருந்த படத்துக்குச் சொந்தக்காரியின் குரல் கிடைத்தது. 2017 இல் அசின்னஜாக் என்ற இன்யூட் இயக்குநர் கனடாவின் தேசியத் திரைப்படச் சபையின் பழைய சுருள்களை எடுத்து, புதிய வரைகலைக் காட்சிகளைச் சேர்த்து, ‘த்ரீ தவுசண்ட்’ என்ற படமாக்கினார். தன் மக்களைப் பற்றி அந்நியர் எடுத்த காட்சிகளை அவர் எரிக்கவில்லை. தன் மக்களின் கடந்த காலமாக அவற்றைத் திருப்பி எடுத்துக்கொண்டு, வரப்போகும் காலம்வரை கதையை நீட்டினார்.

நியூசிலாந்தில் மாஓரி இளவரசி தெ புவேயா பெரிய போர்ப்படகுகளைக் கட்டுவித்தபோது, 1937 முதல் 1940 வரை மான்லி என்பவர் அதைப் படம்பிடித்தார். அந்தச் சுருள்கள் பல பத்து வருஷம் கவனிப்பாரில்லாமல் கிடந்தன. 1990 இல் மெராட்டா மீட்டா என்ற மாஓரிப் பெண் இயக்குநர் அவற்றை ‘மானா வாக்கா’ என்ற முழுப்படமாக்கினார். அந்த மக்களின் சபைத்திடலிலேயே வைத்துத் தொகுத்தார்கள், ஊமைப் படத்துக்குச் சத்தமும் சேர்த்தார்கள். பட்டணத்துத் தொகுப்பறைக்கு மக்கள் போகவில்லை, தொகுப்பறை மக்களிடம் வந்தது. எங்களுக்கு ஏன் அது கிடைக்காது? எங்கள் தலையில் மட்டும் என்ன எழுதியிருக்கிறது?

வெளியார் எல்லாரும் கொள்ளைக்காரர் என்று நான் சொல்லவரவில்லை. 1969 இல் அக்கரைப்பற்றுக்கு வந்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இங்கேயே தங்கி, தமிழ் படித்து, தாய்வழிக் குடிமுறையையும், மகளுக்கு வீடு கொடுக்கிற வழக்கத்தையும், தமிழரும் முஸ்லிமும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்த விதத்தையும் பல வருஷம் திரும்பத் திரும்ப வந்து எழுதினார். 2008 இல் அது பெரிய புத்தகமாக வந்தது. அவர் எடுத்த படங்களில் எங்கள் ஊரின் பழைய முகத்தைப் பார்த்து நாங்கள் கண்கலங்கியிருக்கிறோம். மரியாதையோடு எடுத்தால் படம் மரியாதையோடு நிற்கும் என்பதற்கு அது சாட்சி. ஆனாலும் ஊரின் கதையை ஊர் சொல்லவேண்டும். அதை எவருடைய நல்ல மனதும் ஈடுசெய்யாது.

பதிவுகள் எங்கள் கைக்கு வந்தால் என்ன செய்வோம் என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன். முதலில் அந்த இங்கிலீஷ் குரலை எடுப்போம். கீழே புதைந்த பெயர்களை மேலே கொண்டுவருவோம். படத்தில் தெரிகிற ஒவ்வொரு முகத்தையும் ஊருக்குள் கொண்டுபோய், யார் மகள், எந்தக் குடி, எந்த வளவு என்று கேட்டு எழுதுவோம். கல்யாண வீட்டுக் குரவையும், வட்டைக்குள் பாடிய கவியும், பொல்லடியின் தாளமும் அந்தப் படங்களுக்கு அடியில் ஒலிக்கும். நிந்தவூர் முத்துமீரான் வாழ்நாள் முழுக்கத் தேடிச் சேர்த்த நாட்டார் பாடல்கள் புத்தகத்தில் இருக்கின்றன, அவற்றுக்குச் சத்தமும் உருவமும் கொடுப்போம்.

அதோடு கேள்வியும் கேட்போம். சுனாமிக்குப் பிறகு வடக்கு கிழக்கில் 200 மீற்றர், தெற்கில் 100 மீற்றர் என்று அரசு கரையோரத் தடைவலயம் போட்டது. அந்த 200 மீற்றருக்குள் நின்ற வீடுகளில் எத்தனையோ எங்கள் பெண்களின் சீதன வீடுகள். அவர்களின் பெயரில் இருந்த வீடு போய், புதிய வீட்டுப் பத்திரத்தில் குடும்பத் தலைவர் என்று ஆணின் பெயர் ஏறியது. பழைய பதிவில் அந்த மதிலும் கிணறும் தென்னையும் எங்கே நின்றன என்பது கண்முன் தெரிகிறது. அந்தப் படத்துக்குப் பக்கத்தில் நுரைச்சோலையை வைப்போம். சவூதி அரேபியாவின் உதவியில் அக்கரைப்பற்றில் கட்டிய 500 வீடுகள், வழக்கிலும் இனக்கணக்கிலும் மாட்டி, வீடிழந்தவர்களுக்குப் போய்ச் சேராமல் வருஷக்கணக்கில் பாழடைந்தன. கடலரிப்புக்கு முந்திய ஒலுவில் கரையை எடுத்து, துறைமுகம் வந்தபின் இருக்கிற கரையோடு சேர்த்து ஒட்டுவோம். பார்க்கிறவன் தானே கணக்குப் போடட்டும். உங்களுக்கு இது பழைய செய்தி. எங்களுக்கு இது முடியாத வழக்கின் சாட்சியம்.

எங்கள் ஊருக்குள்ளும் நான் சண்டை பிடிக்கவேண்டியிருக்கிறது. எண்பதுகளில் மத்திய கிழக்குக்கு உழைக்கப் போனவர்கள் கொண்டுவந்த கமராவில் எடுத்த கல்யாண கெசட்டுகள் வீட்டு அலுமாரிகளில் பூஞ்சணம் பிடித்து ஒட்டிப்போய்க் கிடக்கின்றன. உப்புக் காற்று எவருக்காகவும் காத்திருக்காது. றாத்திபும் ரபானும் பித்அத், பக்கீர்மாரின் பாட்டு ஹறாம், அந்தப் பதிவுகளை அழித்துவிடு என்று சொல்கிற தம்பிமாரும் இருக்கிறார்கள். தம்பி, உன் மூத்தம்மாவின் குரலை அழிக்க உனக்கு யார் உரிமை தந்தது? பிடிக்காவிட்டால் கேட்காதே, அழிக்காதே. நூலக நிறுவனம் 2005 இலிருந்து தமிழ் பேசும் மக்களின் ஏடுகளையும் பதிவுகளையும் இணையத்தில் சேர்த்து வருகிறது. வழி இருக்கிறது, கொடுக்க எங்களுக்கு மனது வரவேண்டும்.

எனக்குக் கேட்கிற நியாயம் அளிக்கம்பைக்கும் உண்டு. அக்கரைப்பற்றுக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தக் குறவர் கிராமத்தின் தெலுங்கு பேசும் மக்களைப் பாம்போடும் குரங்கோடும் எடுத்த படங்களுக்குக் குறைவில்லை. அவர்களே எடுத்த படம் எங்கே? அவர்களின் பழைய படங்களைத் தொகுக்கும் மேசையில் அவர்கள் உட்காரவேண்டும், நான் இல்லை. கடலோர வேடருக்கும் மலையகத்தாருக்கும் இதேதான் சட்டம்.

ஆகவே கேட்கிறேன், கெஞ்சவில்லை. எங்கள் கரையில் எடுத்த பதிவுகள் எவையெவை உங்களிடம் இருக்கின்றன என்று முழுப் பட்டியலையும் வெளியிடுங்கள். படத்தில் நிற்கிறவருக்கும் அவர் குடும்பத்துக்கும் ஒரு சதமும் வாங்காமல் பிரதி கொடுங்கள், மூலச் சத்தத்தோடு கொடுங்கள். இந்த மண்ணின் படைப்பாளி அதை மறுபடி தொகுக்க உங்கள் ஒப்புதலைக் கேட்கவேண்டியதில்லை என்று எழுதித் தாருங்கள். ஜனாஸாக்களின் முகத்தைக் குடும்பம் சம்மதிக்காமல் இனிக் காட்டாதீர்கள். ‘அடையாளம் தெரியாத பெண்’ என்று எழுதிய இடங்களில் நாங்கள் சொல்கிற பெயரை எழுதுங்கள். ஆதிக்குடிகள் தங்கள் பண்பாட்டுச் செல்வத்தைத் தாங்களே காக்கவும் ஆளவும் உரிமை உள்ளவர்கள் என்று 2007 ஐ.நா. பிரகடனத்தின் 31 ஆம் உறுப்புரை சொல்கிறது. வேடர்களின் குரல் பதிந்த உருளைகளுக்கு அது இன்றே பொருந்தும், அங்கிருந்தே தொடங்குங்கள்.

ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தமிழும் இஸ்லாமியப் பண்பாடும் படிக்கிற பிள்ளைகள் அங்கே நிறைய. ஈரம் புகாத ஒரு அறை, ஒரு சேமகம், படம் தொகுக்கத் தெரிந்த நாலு பிள்ளைகள், முகம் பார்த்துப் பெயர் சொல்லத் தெரிந்த ஊர் மூத்தவர்கள், இவ்வளவுதான் தேவை. அந்த மூத்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். பெயர் தெரிந்த கடைசி ஆள் போனபிறகு நீங்கள் அனுப்புகிற சுருளை வைத்து நாங்கள் என்ன செய்ய?

எங்களைப் பற்றிய நினைவு விழாக்களுக்கும் கண்காட்சிகளுக்கும் முன்வரிசையில் கதிரை போட்டு எங்களைக் கூப்பிடுகிறீர்கள். அந்தக் கதிரை எங்களுக்கு வேண்டாம். தொகுப்பு மேசையில் உட்கார இடம் விடுங்கள். அது கிடைக்கும்வரை எங்கள் வீட்டுப் பெண்கள் உங்கள் கமராவுக்கு முன்னால் வந்து நிற்கமாட்டார்கள். நானும் ஒருவரையும் கூட்டிவந்து நிறுத்தமாட்டேன்.